வாசகர் கேள்வி – பதில்: உட்கார்ந்திருப்பது ஒரு கணினி, ஓடப்போவது வேறு சிப்

இம்முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு கணினியில் உட்கார்ந்து வேறு சிப்புக்கு நிரல் எழுதுவது என்ற ஏறக்குறைய ஒரே சிக்கலைச் சுற்றி வருவதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘செயலி’ என்றால் இன்று பலருக்கும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப் தான் நினைவுக்கு வருகிறது. இங்கே அச்சொல் பிராசஸரை மட்டுமே குறிக்கும்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு மனை இருக்கிறது. மனையின் வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரைப் போடவும் நிறுத்தவும் ஏடி89எஸ்52 சிப்பை வைத்து ஒரு போர்டு செய்திருக்கிறேன். எல்எம்35 வெப்ப சென்சாரும், அது தரும் வோல்டை எண்ணாக மாற்றும் ஏடிசி0804 சிப்பும் அதில் உள்ளன. பாலிடெக்னிக்கில் படித்தபோது கெய்ல் மென்பொருளில் நிரல் எழுதினோம். இப்போது என்னிடம் இருக்கும் ஒரே கணினி ராஸ்பெர்ரி பை 400. அதில் கெய்லை நிறுவ ஒரு வாரமாக முயன்றும் முடியவில்லை. 8051 வகைச் சிப்புக்கான கருவிகள் இந்தக் கணினிக்கு எங்கே கிடைக்கும்? மேலும், வெப்பநிலைக் கணக்கை மட்டும் ராஸ்பெர்ரியிலேயே ஜிசிசி கம்பைலர் கொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஏடிசி தரும் எண்ணை 1280 ஆல் பெருக்கி 256 ஆல் வகுத்தால் மில்லிவோல்ட் சரியாக வருகிறது. அதை அப்படியே சிப்பில் ஏற்றலாமா?
— பாலக்கோட்டு வாசகர்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து அப்படியே ஏற்றிவிடாதீர்கள். காரணத்தைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு வாரம் வீணானதற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவு அன்று. தேடிய பொருள் தவறு. கெய்ல் நிறுவனத்தின் 8051 கருவித்தொகுப்பு விண்டோஸ் கணினிக்கென்று, அதாவது இன்டெல் வகைச் செயலிக்கென்று செய்யப்பட்டது. உங்கள் ராஸ்பெர்ரியில் இருப்பது ஆர்ம் வகைச் செயலி, அதன் மேல் ஓடுவது லினக்ஸ். எனவே ‘ராஸ்பெர்ரிக்குக் கெய்ல்’ என்று எத்தனை நாள் தேடினாலும் கிடைக்கப்போவதில்லை. தேட வேண்டியது, ‘8051 சிப்புக்கான நிரலை உருவாக்கக்கூடிய, ஆனால் என் கணினியில் ஓடக்கூடிய ஒரு கம்பைலர்’ என்பதே. நாம் எழுதும் நிரலைச் சிப் புரிந்துகொள்ளும் பைட்டுகளாக மாற்றும் மென்பொருளே கம்பைலர். தையல்காரர் தன் உடம்பு அளவுக்கு உங்கள் சட்டையைத் தைப்பதில்லை. கம்பைலரும் தான் ஓடும் செயலிக்குத்தான் நிரல் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தான் ஓடுவது ஒரு செயலி, தான் செய்து தரும் நிரல் ஓடுவது வேறொரு செயலி என்றால், அந்தக் கம்பைலரைக் கிராஸ் கம்பைலர் என்கிறோம். முன்னதை ஹோஸ்ட் என்றும் பின்னதை டார்கெட் என்றும் சொல்வது வழக்கம். கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்திய கெய்லும் கிராஸ் கம்பைலர்தான். விண்டோஸ் கணினி எங்கும் நிறைந்திருந்ததால் ஹோஸ்ட் என்று ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஹோஸ்ட் எது என்று ஐயமறத் தெரிந்துகொள்வது. இதில் ராஸ்பெர்ரிக்காரர்கள் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘யூநேம்’ கட்டளையைச் சிறிய எம் என்ற விருப்பத்துடன் கொடுத்தால் அது ‘ஏஆர்ச்64’ என்று பதில் சொல்லக்கூடும்; உடனே நம் கணினி 64 பிட் என்று முடிவுசெய்து 64 பிட் மென்பொருளை இறக்குவோம்; அது ஓடாது. கெர்னல் என்னும் லினக்ஸின் உட்கரு மட்டும் 64 பிட்டாகவும், அதன் மேல் உள்ள மற்ற எல்லா மென்பொருள்களும் 32 பிட்டாகவும் இருக்கும் ராஸ்பெர்ரி அமைப்புகள் உண்டு என்பதே காரணம். யூநேம் கெர்னலைப் பற்றி மட்டுமே பேசும். ‘டீபிகேஜி’ கட்டளையிடம் ஆர்க்கிடெக்சரைக் கேட்டால்தான் ‘ஆர்ம்64’ என்றோ ‘ஆர்ம்எச்எஃப்’ என்றோ உண்மை நிலை தெரியும்.

உங்களுக்கு உரிய கம்பைலரின் பெயர் எஸ்டிசிசி. சிறிய சிப்புகளுக்கென்றே எழுதப்பட்ட, இலவசமான, மூல நிரல் திறந்த சி கம்பைலர் அது. 8051, இசட்80, எஸ்டிஎம்8 போன்ற பல குடும்பங்களுக்கு நிரல் செய்யும். அதன் சொந்தத் தளத்திற்குப் போனால் விண்டோஸ், மேக், இன்டெல் வகை லினக்ஸ் ஆகியவற்றுக்கான ஆயத்தக் கோப்புகளே முன்னால் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘ஆர்முக்கு இல்லை போலிருக்கிறது’ என்று திரும்பிவிடுபவர்கள் பலர். ராஸ்பெர்ரி அமைப்பு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன்காரர்கள் தங்கள் களஞ்சியத்தில் உள்ள மூல நிரல்களைத் தாங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு செயலிக்கும் தாங்களே கம்பைல் செய்து வைக்கிறார்கள். அதனால் மென்பொருளை இறக்கி நிறுவும் ‘ஆப்ட்’ கட்டளையில் எஸ்டிசிசி என்று கேட்டாலே ஆர்ம் கணினிக்கான எஸ்டிசிசி வந்து இறங்கிவிடும். கூடவே ‘எஸ்டிசிசி-யூசிசிம்’ என்ற பொதியையும் கேட்டு நிறுவிக்கொள்ளுங்கள். 8051 சிப்பைக் கணினிக்குள்ளேயே நடித்துக் காட்டும் சிமுலேட்டர் அதில் இருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்தைவிட நம் லினக்ஸின் களஞ்சியத்தில் முதலில் தேடுவது நல்லது என்று நான் இப்பகுதியில் அடிக்கடி எழுதுவதற்கு இதுவே காரணம்.

கெய்லில் எழுதிய நிரல் எஸ்டிசிசியில் அப்படியே ஏறாது, ஆனால் மாற்ற வேண்டியவை சிலவே. ஒரு காலுக்குப் பெயர் வைக்கக் கெய்லில் ‘எஸ்பிட்’ என்று எழுதி, பி1 என்ற போர்ட்டின் பெயரையும் தொப்பிக் குறியையும் பிட் எண்ணையும் போட்டிருப்பீர்கள். எஸ்டிசிசியில் அதே சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் வரும். தொப்பிக் குறிக்கு இடமில்லை. பிட்டின் முகவரியை நேரடியாகத் தர வேண்டும். பி1 போர்ட்டின் முதல் பிட்டுக்கு அம்முகவரி ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண் முறையில், 90. இன்டரப்ட் என்ற சொல்லுக்கும் முன்னால் இரண்டு அடிக்கோடுகள், எண் அடைப்புக்குறிக்குள். ரெக்51 என்ற ஹெடர் கோப்புக்குப் பதில் 8052 என்ற பெயரில் உள்ள ஹெடர் கோப்பைச் சேருங்கள். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் ஒன்று உண்டு: இரண்டு பைட் கொண்ட எண்ணைக் கெய்ல் பெரிய பைட் முதலில் வருமாறு நினைவகத்தில் வைக்கிறது, எஸ்டிசிசியோ சிறிய பைட்டை முதலில் வைக்கிறது. சீரியல் வழியாக வெப்பநிலையை ராஸ்பெர்ரிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதை மறக்க வேண்டாம்.

இனி அந்தக் கணக்கு. உங்கள் ஏடிசியின் முழு அளவு 1.28 வோல்ட் என்று உங்கள் சூத்திரத்திலிருந்தே தெரிகிறது. ஆகவே ஒரு படிக்கு 5 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், மனையில் 26 டிகிரி இருக்கும்போது 260 மில்லிவோல்ட் வரும், ஏடிசி 52 என்று சொல்லும். 52 ஐ 1280 ஆல் பெருக்கினால் 66,560. ராஸ்பெர்ரியில் ‘இன்ட்’ என்ற முழு எண் வகை 32 பிட், அதற்கு இந்த எண் ஒரு பொருட்டே இல்லை. 256 ஆல் வகுத்து 260 என்று சரியாகச் சொல்லிவிடும். எஸ்டிசிசியில் 8051 சிப்புக்கான ‘இன்ட்’ 16 பிட் மட்டுமே. அதில் கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. எனவே 66,560 என்பது 65,536 கழிந்து 1,024 ஆகச் சுருங்கிவிடும். அதை 256 ஆல் வகுத்தால் 4 மில்லிவோல்ட், அதாவது 0.4 டிகிரி. இதே கணக்கில் மனை 24 டிகிரியில் இருந்தால் சிப் பூச்சியத்திற்குக் கீழே 1.6 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும். இன்னும் மோசமான செய்தி, 32,767 ஐ 256 ஆல் வகுத்தால் 127 தான் வருமாகையால், உண்மை வெப்பநிலை எவ்வளவு ஏறினாலும் சிப்பின் கணக்கு 12.7 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. ஹீட்டர் அணையவே அணையாது. ஐந்தாம் பருவப் புழு 24, 25 டிகிரியை விரும்புவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் இரவில் மனை முழுவதும் போய்விடும்.

தீர்வு மிக எளிது. 1280 ஐ 256 ஆல் வகுத்தால் மீதியின்றி 5 வருகிறது. ஆகவே ஏடிசி எண்ணை 5 ஆல் பெருக்கினாலே போதும், 255 வந்தாலும் 1,275 தான். இப்படி அழகாக வகுபடாத இடங்களில் எண்ணை முதலில் ‘லாங்’ வகைக்கு மாற்றிவிட்டுப் பெருக்குங்கள். ஹோஸ்டில் ஓட்டிப் பார்ப்பது தவறன்று, நானும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஹோஸ்டில் சோதிக்கும்போது ‘இன்ட்’ என்று எழுதாமல், 16 பிட் என்று பெயரிலேயே சொல்லும் வகைகளை எழுதி, இடையில் வரும் பெருக்கல் விடையையும் அதே வகையில் ஒரு மாறியில் வாங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் அதே நிரலை யூசிசிமில் ஓட்டுங்கள். அது சிப்பைப் போலவே தவறும்.

கம்பைல் ஆனதும் ‘ஐஎச்எக்ஸ்’ என்று முடியும் கோப்பு ஒன்று கிடைக்கும். அது இன்டெல் ஹெக்ஸ் வடிவம்தான். எஸ்டிசிசியுடன் வரும் ‘பேக்ஐஎச்எக்ஸ்’ என்ற சிறு கருவி அதைச் சிப்பில் ஏற்றும் மென்பொருள்கள் விரும்பும் வகையில் ஒழுங்குபடுத்தும். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கும். கடைசி வரி முக்காற்புள்ளி, பிறகு 00000001, பிறகு எஃப்எஃப் என்று முடிந்திருந்தால் கோப்பு பாதியில் அறுபடவில்லை என்று பொருள். சிப்பில் ஏற்றும் கருவியை வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போவதாக இருந்தால் இரண்டைக் கவனியுங்கள். ஏடி89எஸ்52 சிப்பை ஏற்றும்போது அதன் ரீசெட் கால் உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். ஆர்டுயினோவில் உள்ள ஏவிஆர் சிப்புகளுக்கு அது தாழ்ந்த நிலையில் இருக்க வேண்டும். ஆகவே ஏவிஆருக்கென்று விற்கப்படும் மலிவான ஏற்றுகருவி 89எஸ்52 க்கும் உதவும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, கடைக்காரர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று 89சி52 சிப்பைக் கொடுத்தால் வாங்காதீர்கள். நடுவில் எஸ் இருப்பதை நான்கைந்து கம்பிகளில் போர்டிலேயே வைத்து ஏற்றலாம். சி இருப்பதை 12 வோல்ட் கொடுக்கும் தனிக் கருவியில் கழற்றி வைத்துத்தான் ஏற்ற முடியும்.

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டின் நிரப்பும் பழைய இயந்திரம் ஒன்றில் இசட்80 செயலியும், நிரல் பதிந்துள்ள 2764 ஈப்ராம் சிப்பும் கொண்ட போர்டு உள்ளது. நிரப்பும் நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். செய்து கொடுத்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை. நிரலை அச்சிட்ட கிழிந்த லிஸ்டிங் தாள்கள் சில கிடைத்தன. அவற்றில் ‘மூவ்’, ‘எல்எக்ஸ்ஐ’ என்று இருக்கிறது, இசட்80 புத்தகத்தில் அப்படிக் கட்டளைகளே இல்லை. அலுவலகத்தில் இருப்பது சாதாரண லினக்ஸ் கணினி. சீசன் தொடங்குமுன் முடிக்க முடியுமா?
— கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: முடியும், அவசரப்படாவிட்டால். 1976 இல் வந்த இசட்80 க்கான உற்பத்தியை அதன் நிறுவனமான சைலாக் 2024 இல் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆயினும் அச்செயலிக்கான கருவிகள் இன்று கிடைக்கும் அளவுக்கு எளிதாக அது புதிதாக வந்த காலத்தில் கிடைத்ததில்லை. டெபியன் வகை லினக்ஸில் ‘இசட்80அசெம்’ என்ற அசெம்பிளரும் ‘இசட்80டாசெம்’ என்ற டிஸ்அசெம்பிளரும் ஆயத்தமாக உள்ளன. முன்னது எழுத்தைப் பைட்டாக்கும், பின்னது பைட்டை எழுத்தாக்கும்.

தாளில் உள்ள புதிருக்கு விடை: இசட்80 செயலி, இன்டெல் 8080 இன் கட்டளைகள் அனைத்தையும் அதே பைட்டுகளில் புரிந்துகொள்ளும். ஆனால் சைலாக் நிறுவனம் அக்கட்டளைகளுக்குத் தன் சொந்தப் பெயர்களை வைத்தது. இன்டெல் பழக்கத்தில் பி என்ற பதிவகத்திலிருந்து (செயலிக்குள் எண்ணை வைக்கும் இடம்) ஏ க்கு நகலெடுக்க ‘மூவ்’ என்று எழுதுவார்கள், சைலாக் பழக்கத்தில் ‘எல்டி’ என்று எழுதுவார்கள். ஈப்ராமுக்குள் இரண்டும் ஹெக்ஸ் 78 என்ற ஒரே பைட்தான். உங்கள் போர்டை எழுதியவர் 8085 இல் பழகிய கைகாரராக இருந்திருப்பார். நம் பாலிடெக்னிக்குகளில் பயின்றவர்கள் பலருக்கும் அதே கைதான். ஆனால் இதை வைத்து 8085 டிஸ்அசெம்பிளரைப் பயன்படுத்திவிடாதீர்கள். 8085 இல் ரிம், சிம் என்று இரண்டு கட்டளைகள் ஹெக்ஸ் 20, 30 என்ற பைட்டுகளில் உள்ளன. இசட்80 இல் அதே பைட்டுகள் நிபந்தனையுடன் தாவும் கட்டளைகள். அங்கே ஒரு பைட் பிசகினால் அதற்குப் பின் வரும் வரிகளும் உளறலாகிவிடும்.

முதலில் ஈப்ராமை ஏற்றுகருவியில் வைத்துப் படித்து 8,192 பைட்டுகள் கொண்ட கோப்பாக எடுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றுதானா என்று ‘சிஎம்பி’ கட்டளையால் ஒப்பிடுங்கள். பழைய ஈப்ராம் சில வேளை ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லும். பிறகு டிஸ்அசெம்பிள் செய்து, எதையும் மாற்றாமல், கிடைத்த எழுத்துக் கோப்பை மறுபடி அசெம்பிள் செய்து, மூலக் கோப்போடு ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட வேறுபடாமல் வந்த பிறகே நிரலில் கைவைக்க வேண்டும். வேறுபாடு வந்தால் பதற வேண்டாம். நினைவகத்திலிருந்து எச்எல் பதிவக இணைக்குள் எண்ணை ஏற்றும் கட்டளைக்கு இசட்80 இல் இரண்டு வடிவங்கள் உண்டு: ஹெக்ஸ் 2ஏ என்று தொடங்கும் மூன்று பைட் வடிவம் ஒன்று, ஈடி 6பி என்று தொடங்கும் நான்கு பைட் வடிவம் மற்றொன்று. எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் அசெம்பிளர் குட்டையானதைத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும். அதற்குப் பின் உள்ள முகவரிகள் எல்லாம் ஒரு பைட் நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் கட்டளையை எழுதாமல் பைட்டுகளையே எழுதிவிடுங்கள்.

நேரத்தைத் தீர்மானிக்கும் எண்ணைக் கண்டுபிடித்து மாற்றியதும், பழைய ஈப்ராமைத் தொடாதீர்கள். அதன் கண்ணாடி மேல் உள்ள ஒட்டுத்தாளையும் உரிக்க வேண்டாம். புதிதாக ஒன்றில் ஏற்றுங்கள். 2764 என்ற பெயரிலேயே, ஏற்றுவதற்கு 21 வோல்ட் கேட்கும் பழைய சிப்புகளும், 12.5 வோல்ட் போதும் என்னும் பிற்காலச் சிப்புகளும் இருக்கின்றன. உங்கள் ஏற்றுகருவி எவ்வளவு வோல்ட் வரை தரும் என்று பார்த்த பிறகே சிப்பை வாங்குங்கள். டின் நிரப்பும் வால்வு, அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவற்றோடு தொடர்புடைய வரிகளை மாற்றும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பர்கூரில் பொறியியல் படிக்கிறேன். அரசு வழங்கிய பழைய மடிக்கணினியில் டெபியன் நிறுவியுள்ளேன். ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு நிரல் எழுதக் கற்க விரும்புகிறேன், ஆனால் போர்டு இன்னும் வாங்கவில்லை. ‘ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்’, ‘ரிஸ்க்வி64-லினக்ஸ்-க்னு’ என்று இரண்டு கம்பைலர்கள் உள்ளன. முதலாவதை நிறுவினேன், ‘எஸ்டிடிஐஓ’ ஹெடர் இல்லை என்று பிழை சொல்கிறது. 32 பிட் செயலிக்கு 64 கம்பைலரைத்தான் இறக்கிவிட்டேனோ?
— பர்கூர் மாணவர்

பதில்: சரியானதைத்தான் இறக்கியிருக்கிறீர்கள். இந்த நீண்ட பெயர்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். முதல் துண்டு, நிரல் ஓடப்போகும் செயலி. கடைசித் துண்டுகள், அந்தச் செயலியின் மேல் இயக்க முறைமை ஏதும் உண்டா என்பது. ‘லினக்ஸ்-க்னு’ என்றிருந்தால் டார்கெட்டில் லினக்ஸ் ஓடுகிறது என்று பொருள். ‘எல்ஃப்’ என்று மட்டும் முடிந்தால், அல்லது ஆர்ம் சிப்புகளுக்கு ‘நன்-ஈஏபிஐ’ என்று இருந்தால், வெறும் சிப், இயக்க முறைமை எதுவும் இல்லை. உங்கள் மடிக்கணினியில் உள்ள செயலியின் பெயர் இதில் எங்குமே வராது என்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த நாள்களில், லினக்ஸ் உள்ள ஆர்ம் போர்டுக்கான கம்பைலரால் செய்த நிரலை லினக்ஸே இல்லாத ஆர்ம் சிப்பில் ஏற்றிவிட்டு, இரண்டு நாள்கள் சர்க்யூட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பைலர் ஒரு பிழையும் காட்டவில்லை. செயலி ஒன்றே அல்லவா.

64 என்ற எண் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். அந்தக் கம்பைலர் 32 பிட் நிரலையும் செய்யும். ‘மார்ச்’ என்ற விருப்பத்தில் ‘ஆர்வி32ஐஎம்’ என்றும், ‘எம்ஏபிஐ’ என்ற விருப்பத்தில் ‘ஐஎல்பி32’ என்றும் சொன்னால் போதும். சி-டாக் நிறுவனத்தின் வேகா வரிசையில் வரும் தேஜஸ்32 சிப் இந்த ஆர்வி32ஐஎம் வகைதான், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பமே. போர்டு வாங்கும் நாள் வந்தால் இவற்றையும் பரிசீலியுங்கள்.

ஹெடர் பிழைக்கு வருவோம். கம்பைலர் வேறு, சி நூலகம் வேறு. டெபியனில் அந்த ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் நூலகம் இல்லாமல் தனியே வருகிறது. ‘பிக்கோலிப்சி-ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்’ என்ற பொதியை நிறுவி, கம்பைல் செய்யும்போது பிக்கோலிப்சியின் ஸ்பெக்ஸ் கோப்பைச் சுட்டிக்காட்டுங்கள், பிழை மறையும். ஆர்ம் சிப்புகளுக்கு இதே பணியை நியூலிப் பொதி செய்கிறது. அதற்குப் பின்னும் இரண்டு பொருள்கள் தேவை: சிப் விழித்தெழுந்ததும் ஓடும் தொடக்க நிரல், நினைவகத்தில் எது எங்கே அமரும் என்று சொல்லும் லிங்க்கர் ஸ்கிரிப்ட். கிராஸ் கருவிகளைத் தேடுபவர்கள் கம்பைலரைத் தேடித்தான் அலைகிறார்கள். உண்மையில் கிடைக்க அரிதாக இருப்பவை இந்த இரண்டும்தான், ஏனெனில் அவை போர்டுக்குப் போர்டு மாறும். போர்டு வாங்கும்போது அவை தரப்படுகின்றனவா என்று விசாரியுங்கள். இப்போதைக்கு, கியூஎமு என்ற சிமுலேட்டரில் ‘விர்ட்’ என்ற கற்பனை ரிஸ்க்-ஃபைவ் போர்டு இருக்கிறது. அதன் நினைவகம் ஹெக்ஸ் 80000000 இல் தொடங்குகிறது. அதற்கேற்ற லிங்க்கர் ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்களே எழுதிப் பாருங்கள். இருபது வரிக்குள் அடங்கும்.

கம்பைலரை மூல நிரலிலிருந்து நீங்களே கட்டும்படி அறிவுரை சொல்பவர்கள் உண்டு. பழைய மடிக்கணினியில் அதற்குப் பல மணி நேரமும் பல ஜிபி இடமும் போகும். ஆயத்தப் பொதி இருக்கும்போது அது தேவையில்லை.

கேள்வி: போர்டே கையில் இல்லாமல் சிமுலேட்டரை நம்பி நிரல் எழுதுவது வெறும் விளையாட்டு என்று என் நண்பர் கேலி செய்கிறார். உண்மையா?
— தர்மபுரி வாசகர்

பதில்: உங்கள் நண்பரிடம் 1975 ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஆல்டேர் என்ற கணினிக்கு பேசிக் மொழியை எழுத முற்பட்ட பால் ஆலனிடமும் பில் கேட்ஸிடமும் ஆல்டேரும் இல்லை, அதில் உள்ள 8080 செயலியும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த பிடிபி-10 என்ற பெரிய கணினியில், 8080 போல நடிக்கும் ஒரு சிமுலேட்டரை ஆலன் எழுதினார். அதன் மேல்தான் பேசிக் முழுவதும் எழுதிச் சோதிக்கப்பட்டது. அதைக் காகித நாடாவில் எடுத்துக்கொண்டு அல்புகர்க்கி நகருக்கு விமானத்தில் போகும்போது, நாடாவிலிருந்து நிரலை நினைவகத்திற்குள் ஏற்றும் சிறு நிரலை எழுத மறந்துவிட்டது நினைவுக்கு வர, அதை விமானத்திலேயே எழுதி முடித்தார். உண்மையான ஆல்டேரை அவர் தொட்டது அங்கேதான். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு அது 4 என்று அச்சிட்டது. அதற்கும் முன்பே கேரி கில்டால் இன்டெல்லுக்காக எழுதிய பிஎல்/எம் கம்பைலர், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டுப் பெரிய கணினிகளில் ஓடி, 8008 சிப்புக்கு நிரல் செய்து தந்தது. அந்தக் கம்பைலர் சிப்பிலேயே ஓடவில்லை.

எனினும் நண்பர் முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். சிமுலேட்டர் கணக்கில் தவறாது. ரிலே அடிக்கும்போது மின்னழுத்தம் துள்ளுவதையோ, பொத்தான் ஒரு முறை அழுத்தினால் பலமுறை அதிர்வதையோ அது தானாக நடித்துக் காட்டாது.

கேள்வி: கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் உண்டு. அதில் இவற்றைச் செய்ய முடியுமா?
— காவேரிப்பட்டணத்து வாசகர்

பதில்: எழுதலாம், கம்பைல் செய்யலாம், சிப்பில் ஏற்றுவதுதான் கடினம். டெர்மக்ஸ் என்ற ஆப்பை நிறுவி, அதற்குள் ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ’ என்ற கருவியால் டெபியனை நிறுவிக்கொண்டால், கைப்பேசியும் பாலக்கோட்டு வாசகரின் ராஸ்பெர்ரியைப் போன்ற ஓர் ஆர்ம் லினக்ஸ் ஹோஸ்டாகிவிடும். எஸ்டிசிசியும் ஏவிஆர் ஜிசிசியும் அதில் ஏறும். ஆனால் ரூட் உரிமை இல்லாத கைப்பேசியில் யூஎஸ்பி வழியாக இணைக்கும் ஏற்றுகருவிகளைச் சாதாரண லினக்ஸ் மென்பொருள்கள் நேரடியாக அணுக ஆண்ட்ராய்டு விடுவதில்லை. ஹெக்ஸ் கோப்பை உருவாக்கி எடுத்துக்கொண்டு, ஏற்றுவதற்கு மட்டும் கணினி உள்ள நண்பர் வீட்டுக்கோ கல்லூரி ஆய்வகத்துக்கோ போய்வாருங்கள். கைப்பேசியின் சிறு திரையில் முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் என்பதால், புளூடூத் விசைப்பலகை ஒன்றும் எழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பும் இருந்தால் நல்லது.